மனநல மருத்துவரின் மனம்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை

"ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடு. ஆனா இப்போ படிக்கிற பசங்களுக்கும் உபயோகமா இருக்கணும்" என்றார் மலர்க்குழு நண்பர். கல்லூரியின் சரித்திரத்தை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, 2013-இல் பல்கலைக்கழக நிர்வாகம் அரசின் கைக்குப் போனது, மாணவர்களின் கட்டணப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது எல்லாம் அவர்கள் சொல்லட்டும். நான் சொல்லப்போவது வேறொரு சரித்திரம். வைத்தியம் பார்ப்பவனுக்கும் மனசு ஒன்று உண்டு என்பதை வைத்தியத் துறை எப்போது கண்டுபிடித்தது என்பதுதான் அது.

நான் 1988 பேட்ச். வீடு கடலூர் ஓ.டி.யில். ஹவுஸ் சர்ஜன் முடித்து, மேற்படிப்புக்கு மனநல மருத்துவம் எடுக்கப்போகிறேன் என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "ஏண்டா, இவ்வளவு படிச்சுட்டுப் போயும் போயும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேப்பரை மட்டும் மடித்து வைத்தார்.

வேறொரு ஊரில் இடம் கிடைத்தது. இரண்டாம் வருடம், 1996. இருபது வயதுப் பையன் ஒருவன் ஆறு வாரம் என் பொறுப்பில் இருந்தான். நன்றாகத் தேறி, டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னிடம் கை குலுக்கிவிட்டுப் போனான். பத்தாம் நாள் தற்கொலை செய்துகொண்டான் என்று செய்தி வந்தது. "கேஸ் ஷீட்டுல எல்லாம் சரியா எழுதியிருக்கியா?" என்று கேட்டார் சீஃப். எழுதியிருந்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் காலை வழக்கம்போல ஓ.பி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அவருடைய சீஃப் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

இந்தப் பாடம் எங்கிருந்து வருகிறது? 1889-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் புதிய மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை பெயர் பெற்றது. மருத்துவன் எந்தச் சூழ்நிலையிலும் கலங்காதவனாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான், ரத்தத்தைப் பார்த்து டாக்டர் மயங்கி விழுந்தால் நோயாளி என்ன ஆவது! ஆனால் கலங்கிய பிறகு என்ன செய்வது என்பதை அந்த மரபு சொல்லித்தரவில்லை. கலங்குகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்றே நாங்கள் புரிந்துகொண்டோம்.

அடுத்த இரண்டு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. நோயாளிகள் பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ போலக் காதில் விழுந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் ஓ.பி.யில், மகளை அழைத்து வந்திருந்த கிராமத்து அம்மா ஒருவரிடம், "சீக்கிரம் சொல்லும்மா, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்றார்.

இரண்டு மாதமாக ஒரு முழு மனநலத் துறையும் கவனிக்காததை அவர் இரண்டு நிமிடத்தில் கவனித்துவிட்டார்.

அன்று இரவு என் சீனியர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போய், தன்னிடம் பார்த்த நோயாளி ஒருவரும் அப்படிப் போனதை முதல் முறையாகச் சொன்னார். பிறகு பல இரவுகள் அந்த டீக்கடைதான். கடிதம் பையிலேயே கசங்கிப்போயிற்று.

எனக்கு நேர்ந்ததற்குப் பெயர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் உழைத்துக் களைத்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தன்னையும் சக ஊழியர்களையும் பார்த்து 1974-இல் எழுதிய கட்டுரையில் அதை 'பர்ன் அவுட்' என்றார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அதை அளக்க 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு மூன்று முகங்கள்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் 'கேஸ்' ஆகத் தெரிவது, நாம் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. அந்த அம்மாவிடம் நான் காட்டியது இரண்டாவது முகம்.

இதற்கும் முன்பே, 1950-களில், லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரியர் குடும்ப மருத்துவர்களை வட்டமாக உட்காரவைத்து, மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். நோய் என்ன என்பதல்ல, அந்த நோயாளி உனக்குள் என்ன செய்கிறார் என்பதே அங்கே கேள்வி. இன்று பிரிட்டனில் மனநல மருத்துவம் பயில்வோருக்கு இத்தகைய குழு பயிற்சியிலேயே ஒரு பகுதி. எங்களுக்கு வாய்த்தது டீக்கடை பெஞ்சு!

யாருக்கு இது வரும்? சீக்கிரம் கவலைப்படும், பதறும் சுபாவம் உள்ளவர்களுக்குக் களைப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் இனம்கண்டு கையாளும் திறமை உள்ளவர்களுக்குக் குறைவு. சாலவே, மேயர் இருவரும் 1990-இல் பெயர் சூட்டிய அந்த உணர்ச்சி நுண்ணறிவைப் பழகிக்கொள்ளலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் இதைக் காட்டி, "உன் சுபாவம் சரியில்லை, தியானம் பண்ணு" என்று பையன்களிடம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. பானை கரிந்தால் பானையை மட்டும் திட்டுவதா? அடுப்பையும் பார்க்க வேண்டாமா? 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது. அதையே நாம் சலுகையாக நினைக்கிறோம் என்றால் அடுப்பின் சூடு புரியும்.

சுபாவத்தைப் பற்றிப் பேசும்போது சாரதா மேனன் ஞாபகம் வருகிறார். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நடத்திவிட்டு, 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021-இல் மறையும்போது அவருக்கு வயது 98. இரும்பு மனுஷி என்பார்கள். அவர் தனியாகச் சுமக்கவில்லை, கூடச் சுமக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீக்கடைப் பாடம் உதவியது 2004-இல். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் கடலூரில் கிளினிக் வைத்திருந்த காலம். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளைப் பக்கம் என்று கரையோரம் முழுக்க ஓலம். மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம்களில் உதவிக்கு வந்த இளம் டாக்டர்கள் பகலெல்லாம் கேட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் மருத்துவர், "சார், அந்தக் குழந்தையோட செருப்பு என் பையிலேயே இருக்கு, யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல" என்றார். அன்றிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்தோம். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, அழுதால் அழட்டும். விதி அவ்வளவுதான். செருப்பை மூன்றாம் நாள் அந்தக் குழந்தையின் பாட்டியிடம் நாங்கள் எல்லோருமாகப் போய்க் கொடுத்தோம்.

அந்த வராந்தாவில் உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் பின்னால் மனநல மருத்துவமே எடுத்துப் படித்தார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கிடைக்காவிட்டால் 14416 இருக்கிறது. 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண். பகலில் என்றால் நானே கிடைப்பேன். சந்திப்பு நாளன்று சாயங்காலம் கலை நிகழ்ச்சி ஆரம்பிக்கும்வரை ஹாலுக்குப் பின்புறம் உள்ள மரத்தடியில் பத்து நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வட்டமாக.