வாட்டம் அறிந்தவர்கள்: இந்தியக் கோல்ஃப் வரலாற்றில் எழுதப்படாத ஓர் அறிவு

தளத்தில் நீர் தேங்காமல் வடிவதற்காகக் கொத்தனார் அமைக்கும் மென்சரிவைத் தமிழில் ‘வாட்டம்’ என்பர். கோல்ஃப் ஆட்டத்தின் இறுதிக் கட்டமும் வாட்டம் அறிவதையே சார்ந்துள்ளது. குழியைச் சூழ்ந்துள்ள ‘கிரீன்’ எனும் புல்தளம் சமமாகத் தோன்றினும் நுண்ணிய சரிவுகளைக் கொண்டது. அதன்மேல் உருளும் பந்து தாழ்ந்த பக்கம் வளையும். வேகம் குறையக் குறைய வளைவு மிகும். எனவே குழியிலிருந்து மேட்டுப்பக்கமாக எவ்வளவு விலக்கி, எவ்வளவு விசையுடன் அடிப்பது என்னும் இரண்டையும் ஒருசேரக் கணிக்க வேண்டும்.

இக்கணிப்பு இந்திய மண்ணில் தனக்குரிய சிக்கல்களைப் பெற்றது. 1829இல் தோன்றிய கல்கத்தா கோல்ஃப் கழகம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்தவற்றுள் மிகப் பழமையானது. அது அமைந்த வங்கச் சமவெளியில் மேடுபள்ளம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கோடையில் புல் நிலைக்காத ஊர்களில் மணலை இறுக்கி அமைத்த ‘பிரவுன்’ தளங்களில் ஆடினர். புல் வளர்ந்த இடங்களிலோ, குளிர்நாட்டுப் புல்லுக்கு மாறாக, வெப்பம் தாங்கும் அருகம்புல் இனங்களே பயன்பட்டன. இவற்றின் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படரும். அச்சாய்வும் பந்தை இழுக்கும். சாய்வின் போக்கில் நோக்கினால் தளம் பளபளக்கும். எதிர்த்து நோக்கினால் கருமை தட்டும். ஆகவே நிலத்தின் வாட்டத்தோடு புல்லின் சாய்வையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

இவ்வறிவு ஒரே தளத்தை நாள்தோறும் பார்ப்பவரிடமே திரளும். அவ்வாறு பார்த்தவர்கள், மட்டைப்பை சுமந்த கேடிகளும் புல் வெட்டி நீர் பாய்ச்சிய பணியாளர்களும் ஆவர். கழக வரலாறுகள் நிறுவனர்களையும் தலைவர்களையும் கோப்பைகளையும் விரிவாகப் பதிவுசெய்யும். இவர்களின் அறிவு வாய்மொழியாகவே கைமாறியது. ஆனால் ஆட்ட விதிகள் அதற்கு ஒரு மறைமுகச் சான்றைத் தருகின்றன. தனியாட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கத்தக்க ஒரே மனிதர் அவருடைய கேடிதான். 2019 முதல் கிரீன்களின் சரிவைக் காட்டும் வரைபடங்கள் 1:480 என்ற அளவுக்குமேல் விரிவாக இருத்தல் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. சரிவை அறிவது மனிதத் திறனாகவே நீடிக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

சுமந்தவர்களின் அறிவு ஏட்டில் ஏறியது அவர்கள் வென்றபோதுதான். 1964இல் தொடங்கிய இந்தியன் ஓப்பன் போட்டியை மறு ஆண்டே வென்ற பி.ஜி.சேத்தி தொழில்முறை சாராத ஆட்டக்காரர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வெல்ல 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கழகத்தில் கேடியாக இருந்தவர். 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்ற எஸ்.எஸ்.பி.சௌரசியா, கல்கத்தா கழகத்தின் புல்தளப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். குழியருகே அவர் காட்டிய நுட்பத்தால் ‘சிப்புட்சியா’ என்றே அழைக்கப்பட்டார்.

இவ்வெற்றிகளைத் தனிமனித முயற்சியின் கதைகளாக மட்டும் வாசிப்பது போதாது. தலைமுறைகளாகத் திரண்டிருந்த ஓர் உழைப்பறிவு ஆவணத்தில் இடம்பெற்ற அரிய தருணங்கள் இவை. விளையாட்டு வரலாற்றாய்வு கழக ஏடுகளோடு நில்லாது, இன்றும் பணியிலிருக்கும் கேடிகள், பராமரிப்பாளர்களின் வாய்மொழிகளையும் தொகுக்கவேண்டிய தேவை இங்கிருந்தே எழுகிறது.