பொதுப்பெயரிலிருந்து இயற்பெயருக்கு: கிடங்குக் குறிகளின் சிறு வரலாறு

ஒரே வகைச் சோப்புக்கட்டிகள் இரண்டை எடுத்து, உறையிலுள்ள பார்கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்தான் இருக்கும். பார்கோடு 'இது இன்ன சோப்பு' என்கிறது. 'இது இந்தக் கட்டி' என்பதில்லை. மொழியியலாளர் பார்வையில் அது பொதுப்பெயர்.

மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் கடற்கரை மணலில் விரலால் நீட்டி இழுத்தபோது நார்மன் ஜோசப் உட்லாண்டுக்கு இக்கருத்து தோன்றியது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952இல் கிடைத்தது. ஆயினும் 1974 ஜூன் 26 அன்றுதான், ஓஹையோ மாநிலத்து ட்ராய் நகரக் கடையொன்றில், இன்றைய வடிவப் பார்கோடு தாங்கிய முதற்பொருள் விற்பனையானது. அது ஒரு சூயிங்கம் பொட்டலம். இந்தியாவுக்குரிய முன்னெண் 890. அது பதிவு நடந்த இடத்தைக் காட்டுவதேயன்றி, பலர் எண்ணுவதுபோல் உற்பத்தி நாட்டை அன்று.

கிடங்கின் தேவையோ வேறு. முதலில் வந்த பெட்டி எது, திரும்பப் பெறவேண்டிய மருந்து எந்தப் பெட்டியில் உள்ளது என்பவற்றுக்குப் பொதுப்பெயர் போதாது. கூரியர் உறைகளில் உள்ளதுபோல் கோடுகளாலும் தனியெண் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றையும் கருவியின் கண்ணில் காட்டவேண்டும். ஆர்.எஃப்.ஐ.டி. எனும் வானலைச் சில்லுக்கு அது தேவையில்லை. அட்டைப்பெட்டி மூடியிருக்கும்போதே நூற்றுக்கணக்கான சில்லுகள் தத்தம் எண்ணைச் சொல்லிவிடும். 1999இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையம் ஒவ்வொரு பொருளுக்கும் தனியெண் தரும் முறையை வகுத்தது. வால்மார்ட் 2003இல் தன் முதல் நூறு வழங்குநர்களும் பெட்டிகளில் சில்லு பொருத்தவேண்டும் என அறிவித்தது. பொருள் இயற்பெயர் பெற்றது.

இயற்பெயர் உள்ளதைப் பின்தொடரலாம். அதே 2003இல், ஆடைகளில் சில்லு தைக்கப்படும் என்ற செய்தி வந்தபோது பெனட்டன் நிறுவனத்தைப் புறக்கணிக்கும் அறைகூவல் எழுந்தது. கிடங்கில் சட்டையின் பெயராக இருப்பது, தெருவில் அதை அணிந்தவரின் அடையாளமாகிவிடும் என்பதே அச்சம். இதனாலேயே அச்சில்லுகளின் தரநிலையில் ஒன்றை நிரந்தரமாக ஊமையாக்கும் கட்டளையும் உண்டு. அதன் பெயர் 'கில்'.

2021 பிப்ரவரி முதல் நம் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேகும் இதே குடும்பத்துச் சில்லுதான். கிடங்குச் சரக்குக்கு உருவான பெயரிடுமுறை இன்று நம் வண்டிக் கண்ணாடியில், நம் கணக்கோடு இணைந்து ஒட்டியிருக்கிறது. பெயரிட்டவர் யார் என்பதைப் பதிவேடுகள் சொல்லும். அப்பெயரை அழிக்கும் உரிமை யாருக்கு என்பதையும் ஆய்வுலகம் கேட்கவேண்டும்.