சேத்துப்பட்டில் ஒரு சோதனை

எலும்புருக்கி நோய் என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சி நடுங்கிய காசநோய்க்கு மருந்தென்று ஒன்று இல்லாதிருந்த காலம் மிக நெடிது. அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். அதன் பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தவை தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே. அவற்றை அளிப்பதற்கென எழுந்தவையே சானடோரியங்கள். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் நிறுவிய இல்லம் அத்தகையது. அப்பகுதி இரயில் நிலையத்திற்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. மலாயாவிலும் 1950களில் கோலாலம்பூரில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை இந்நோயாளிகளுக்காகவே எழுப்பப்பட்டது.

மருந்துகள் வந்தது பிற்பாடு. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ‘பாஸ்’ என்று சுருக்கமாக வழங்கப்பெற்ற மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் பயனுக்கு வந்தன. ஒரே மருந்தைத் தனியே கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நிற்கும். இரண்டினைச் சேர்த்துக் கொடுத்தால் அவ்வாறு நிற்பது கடினம் என்பதையும் மருத்துவ உலகம் விரைவில் உணர்ந்தது. ஆயினும் மருந்து கிடைத்துவிட்டதனால் மட்டும் ஏழை நாடுகளின் இடர் தீர்ந்துவிடவில்லை. மருந்துண்ணும் ஓராண்டுக் காலமும் நோயாளி சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவ வழக்கு. இந்தியாவிலோ நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகள் அவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கும் போதா. படுக்கைக்காகக் காத்திருந்தோர் வீட்டிலேயே இருமிக்கொண்டு, தம் குழந்தைகளுக்கும் நோயைப் பரப்பிக்கொண்டு, மருந்தின்றி மாண்டனர்.

வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்னும் வினா இந்நிலையில் எழுந்தது இயல்பே. அதற்கு ஊகத்தால் விடை கூற இயலாது. ஆய்வு நடத்தியே அறிதல் வேண்டும். இதற்கென 1956ஆம் ஆண்டு, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் உருவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கைகோத்து அமைத்த நிலையம் அது. தொடக்கத்தில் ஐந்தாண்டுத் திட்டமாகவே அது வகுக்கப்பட்டது. விடுதலை பெற்று ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு, முன்னாள் ஆட்சியாளரின் அறிஞர்களோடு ஒரே கூரையின் கீழ்ச் சமமாக அமர்ந்து பணிபுரிய முன்வந்தது சிறு செய்தியன்று. முதல் இயக்குநராக வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார். சளியில் உள்ள கிருமிகளை ஆராயும் நுட்பத்தில் இலண்டன் முதுநிலை மருத்துவப் பள்ளியைச் சார்ந்த டெனிஸ் மிச்சிசன் துணை நின்றார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டோர் 193 பேர். அனைவரும் சென்னை நகரின் ஏழை மக்கள். எவர் சானடோரியம் செல்வது, எவர் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை; தற்செயல் முறையே முடிவு செய்தது. மருத்துவரின் இரக்கமும் விருப்பு வெறுப்பும் முடிவைத் திரித்துவிடாதிருக்க இதனினும் சிறந்த வழி இல்லை. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியாசிடும் பாசும் கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்லுணவும் ஓய்வும் தாதியரின் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தோரோ நெருக்கமான குடியிருப்புகளில், குறைந்த உணவை உண்டு, இயன்ற வேலையையும் செய்துகொண்டிருந்தனர். அவர்கள் உண்மையிலேயே மருந்தை விழுங்கினரா என்பதை அறிய, நிலையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். ஆய்வின் உயிர்நாடி இந்த அலுப்பூட்டும் வேலையிலேயே இருந்தது எனலாம்.

முடிவுகள் 1959இல் வெளிவந்தன. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தோர் உடல் எடையில் மிகுதியாகத் தேறினர் என்பது உண்மை. ஆனால் கிருமியை ஒழித்தது உணவன்று, ஓய்வன்று. மருந்தே என்பது தெளிவாயிற்று. இதனினும் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. நோயாளியை வீட்டிலேயே விட்டால் உடனுறையும் குழந்தைகளின் கதி என்னவாகும்? குடும்பத்தாரையும் தொடர்ந்து சோதித்ததில், வீட்டுச் சிகிச்சை பெற்றோரின் உறவினருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்று கண்டனர். மருந்து தொடங்கிய பின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகின்றது. வரவேண்டிய தீங்கில் பெரும்பகுதி, நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே வந்து முடிந்துவிடுகின்றது. அவ்வறிக்கை தனியொருவர் பெயரால் அன்றி நிலையத்தின் பெயராலேயே வெளியிடப்பட்டமை பாராட்டத்தக்கது.

ஏழை நாட்டின் தேவைக்காகத் தேடிய விடை செல்வ நாடுகளுக்கும் பயன்பட்டது என்பதே இவ்வரலாற்றின் விந்தை. மேலை நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டமைக்குச் சேத்துப்பட்டின் முடிவுகளும் ஒரு காரணம். ஆனால் புதிய முறைக்கும் ஓர் இடர் உண்டு. இருமல் நின்று உடல் தேறியவுடன் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவான். வீட்டில் அவனைக் கண்காணிப்பார் யார்? நாள்தோறும் கொடுப்பதற்கு மாறாக, வாரம் இருமுறை பணியாளரின் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அந்நிலையமே 1960களில் ஆராய்ந்து நல்ல பலன் கண்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வித்திட்ட முயற்சிகளுள் இது முதன்மையானது.

கூட்டாய்வு என்னும் இவ்வழியைப் பிரிட்டிஷ் மன்றம் கிழக்காப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் பின்பற்றியது. சிங்கப்பூர்க் காசநோய்ப் பிரிவும் அம்மன்றமும் இணைந்து 1973இல் தொடங்கிய ஆய்வில், ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர்ந்த மருந்துகளை நோயாளிகள் நான்கு மாதமும் ஆறு மாதமும் உட்கொண்டனர். நான்கு மாதத்தோடு நிறுத்தியோரிடையே நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆறு மாதம் உட்கொண்டோரிடையே அது அரிதாயிற்று. இன்றும் பல நாடுகளில் காசநோயாளிக்கு ஆறு மாத மருந்து எழுதிக் கொடுக்கப்படுகிறது என்றால், அதன் பின்னே சிங்கப்பூர் நோயாளிகளின் பொறுமையும் இருக்கின்றது.

சேத்துப்பட்டு நிலையம் ஐந்தாண்டோடு முடியவில்லை. இந்திய மன்றத்தின் நிரந்தர நிலையமாகி, 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. அதன் முடிவுகள் யாவும் காலத்தை வென்று நின்றன என்றும் கூறுவதற்கில்லை. இடைவெளி விட்டு மருந்து கொடுக்கும் முறையைவிட நாள்தோறும் கொடுப்பதே மேல் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2017இல் இந்தியாவும் தினசரி மருந்துக்கு மாறியது.