நடக்கத் தொடங்கிய மலாக்கா ஓவியங்கள்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் தாளில் வரையப்பட்ட தாப்பிரும் சருகுமானும் எறும்புத்தின்னியும் சிங்கப்பூரில் சுவரெங்கும் நடமாடின. 2016 டிசம்பரில் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டக்கூடத்தில் தொடங்கிய ‘காட்டின் கதை’ காட்சியில்தான் இந்த வித்தை நடந்தது. வில்லியம் ஃபர்குவார் இயற்கை ஓவியச் சேகரிப்பில் உள்ள 477 ஓவியங்களில் 69ஐத் தேர்ந்தெடுத்து, ஜப்பானின் ‘டீம்லேப்’ கலைக்குழு கணினி அசைவூட்டமாக மாற்றியது. பழைய ஓவியக் கலையும் புதிய கணினிக் கலையும் சேர்ந்து அறிவியலையும் வரலாற்றையும் எப்படிக் கண்முன் நிறுத்துகின்றன என்பதற்கு இது நம் வட்டாரத்தின் நல்ல எடுத்துக்காட்டு.

யார் இந்த ஃபர்குவார்?

ஸ்காட்லாந்தில் 1774ல் பிறந்தவர் வில்லியம் ஃபர்குவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பொறியாளராகச் சேர்ந்தவர். 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தார். 1819ல் சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் ஆனார்.

மலாக்காவில் இருந்தபோது தீபகற்பத்தின் விலங்குகள், பறவைகள், மீன்கள், செடிகொடிகள் ஆகியவற்றை நீர்வண்ணத்தில் வரைய ஏற்பாடு செய்தார். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள். அவர்களுடைய பெயர்கள் கிடைக்கவில்லை. வரையச் சொன்னவரின் பெயரே சேகரிப்புக்கு நிலைத்துவிட்டது.

ஃபர்குவார் இந்த ஓவியங்களை 1820களில் லண்டனில் உள்ள ராயல் ஆசியக் கழகத்திடம் கொடுத்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்து அவை விற்பனைக்கு வந்தபோது, சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் கோ கியோக் கிம் சுமார் 3 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, 1995ல் அரும்பொருளகத்திற்கு அன்பளிப்பாக வழங்கினார்.

இந்த ஓவியங்கள் வரையப்பட்ட காலத்தில் தீபகற்பத்தில் ரப்பர் மரமே கிடையாது. ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது 1877ல்தான். நம் முன்னோர் பால்மரம் சீவிய தோட்டங்கள் பல, அதற்கு முன் காடாக இருந்த மண்ணில் எழுந்தவை. அந்தக் காட்டில் என்னென்ன உயிர்கள் வாழ்ந்தன என்பதற்கு இந்தத் தாள்கள் ஒரு சாட்சி.

தாப்பிர் சொல்லும் பாடம்

இந்தச் சேகரிப்பில் தாப்பிருக்குத் தனி இடம் உண்டு. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை, நீண்டு தொங்கும் மூக்கு. உள்ளூர் மக்கள் நன்கு அறிந்திருந்த இந்த விலங்கை ஐரோப்பிய விலங்கியல் அப்போது அறிந்திருக்கவில்லை. ஃபர்குவார் அதைப் பற்றிய குறிப்பை 1816ல் வங்காளத்தின் ஆசியக் கழகத்திற்கு அனுப்பினார். ஒரு தாப்பிர் தம் வீட்டில் நாயைப் போல் பழகியதையும், சாப்பாட்டு மேசைக்கு அருகில் வந்து ரொட்டிக்குக் காத்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். ஆனாலும், 1819ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டின் டெமாரே.

செய்தி, மாதிரி, ஓவியம் என எல்லாம் கடல் தாண்டிப் போய்த்தான் அன்று ஒரு விலங்கு அறிவியலுக்குள் நுழைந்தது. புகைப்படம் இல்லாத காலத்தில் ஓவியம் வெறும் அலங்காரம் அல்ல. அதுவே சான்று.

ஓவியம் எப்படி அசைகிறது?

தாளில் இருப்பது விலங்கின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம், வயிறு, பாதம் எதுவும் தெரியாது. கணினிக் கலைஞர் அவற்றைக் கண்டறிந்து நிரப்ப வேண்டும்.

முதலில் விலங்கின் உடலை முப்பரிமாண வடிவமாகக் கணினியில் உருவாக்குகிறார்கள். அதன் மேல் தோலைப் போல நிறமும் கோடுகளும் போர்த்தப்படும். அடுத்து உள்ளே எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, மூட்டு மூட்டாக அசைக்கிறார்கள். ஓர் அடி எடுத்து வைப்பதை ஒழுங்காக அமைத்துவிட்டால், அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி விலங்கை நடக்க வைக்கலாம்.

இங்கேதான் அறிவியல் தேவைப்படுகிறது. தாப்பிருக்கு முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று. குட்டியாக இருக்கும்போது அதன் உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். சில மாதங்களில் மறைந்துவிடும். இது தெரியாமல் அசைவூட்டினால் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் தவறாக இருக்கும்.

குதிரை ஓவியங்கள் இதற்கு ஒரு பழைய உதாரணம். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீட்டியபடி காற்றில் இருப்பதாக ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்தார்கள். 1878ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். நான்கு கால்களும் நிலத்தைத் தொடாத நொடி உண்மைதான். ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன. நின்ற படத்தில் யாரும் கண்டுபிடிக்காத பிழையை அசைவு காட்டிக்கொடுத்தது.

பார்வையாளர் கண்டது என்ன?

கண்ணாடிக் கூடத்தின் மேலே நுழைந்து, சுற்றிக் கீழிறங்கும் சரிவுப்பாதையில் நடந்தபோது சுவர் முழுவதும் காடு விரிந்தது. காட்சி முன்கூட்டிப் பதிவுசெய்த படம் அல்ல. கணினி அந்தந்த நேரத்தில் வரைந்துகொண்டே இருந்தது. கைப்பேசிச் செயலியின் கேமராவை ஒரு விலங்கின் பக்கம் திருப்பினால், அதைப் பற்றிய விவரம் திரையில் வந்தது. தாளில் படுத்திருந்த தகவலைப் பிள்ளைகள் ஓடிப் பிடித்துச் சேகரித்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

அசைவூட்டத்திற்கு ஒரு பலவீனம் உண்டு. சந்தேகத்தை அது காட்டாது. ஓவியத்தில் தெரியாத பகுதி தெரியாததாகவே இருக்கும். அசைவூட்டத்தில் ஊகித்த பகுதியும் உறுதியான பகுதியும் ஒரே மாதிரி மின்னும். ஓவியங்களில் பெரும்பாலானவை மலாக்காவில் உருவானவை என்பதால், திரையில் உலவிய எல்லாமே பழைய சிங்கப்பூர்க் காட்டில் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று, திரையில் விலங்குகள் குறைவதே இல்லை. வெளியே நிலைமை வேறு. மலாயாத் தாப்பிர் இன்று அருகிவரும் விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. காடு சுருங்கியதால் இரவில் சாலையைக் கடக்கும் தாப்பிர்கள் வாகனம் மோதி இறப்பதை மலேசியச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஒரு தாய்த் தாப்பிர் ஏறத்தாழ 13 மாதங்கள் சுமந்து ஒரு குட்டிதான் ஈனும். எனவே ஒவ்வோர் இழப்பும் பெரியது.

இத்தகைய காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் மூன்று கேள்விகளை அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். இதை முதலில் வரைந்தது யார்? எந்தப் பகுதி பார்த்து வரைந்தது, எது பின்னர் சேர்த்தது? இந்த விலங்கு இன்று எங்கே இருக்கிறது? முதல் கேள்விக்கு முழு விடை கிடைக்காது. இரண்டாவதற்கு மூல ஓவியத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கான விடை நம் தோட்ட ஓரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கிறது.