வடிவம் பிசகிய அமெரிக்கச் செப்புக் காசுகள்: அசலும் போலியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் நாணயச்சாலை பிலடெல்பியா நகரில் இருந்தது. அங்கு 1793 முதல் அச்சிடப்பட்ட ஒரு சென்ட், அரை சென்ட் செப்புக் காசுகளில் முழு வட்டமாக இல்லாதவை பல உண்டு. சிலவற்றின் ஓரம் கடித்து எடுத்தாற்போல் இருக்கும். சில ஒரு பக்கம் நேராக வெட்டுண்டிருக்கும், சில சற்றே முட்டை வடிவாக இருக்கும். இவற்றைப் போலி என்று ஒதுக்குவோரும் உண்டு, அரிய பிழைக்காசு என்று கூடுதல் விலை கொடுப்போரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். நாணயச்சாலையின் வேலைமுறையால் அந்த வடிவம் வந்திருக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் செப்புத் தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி மெலிதாக்கினர். உருளைகளைச் சுழற்றியவை குதிரைகள். அத்தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுத்து, திருகு அழுத்தியில் இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தினர். வில்லையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையம் அப்போது இல்லை. ஆகவே அழுத்தம் பட்டதும் செம்பு தன் போக்கில் விரிந்தது. அக்காலக் காசு சற்றே முட்டை வடிவாக இருப்பது இயல்பு. அச்சு வட்டத்தைவிடத் துல்லியமான வட்டமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்!

ஓரம் கடிபட்ட காசுக்கும் காரணம் எளியது. பூரி மாவை டப்பா மூடியால் வெட்டும்போது, முன்பு வெட்டிய பள்ளத்தின்மேல் மூடி ஏறிவிட்டால் அடுத்த பூரியில் பிறை வடிவில் குறை விழும். செப்புத் தகட்டிலும் அதுவே நடந்தது. தகட்டின் முனையில் வெட்டினால் குறை நேர்கோடாக இருக்கும். இவை அச்சிடுவதற்கு முன்பே ஏற்பட்ட குறைகள் என்பதால், அழுத்தம் பட்டபோது செம்பு குறையின் பக்கமாகச் சற்று நகர்ந்திருக்கும். அங்குள்ள எழுத்துகள் மங்கி, விளிம்பை நோக்கி இழுபட்டாற்போல் தெரியும். பிற்காலத்தில் யாரோ கத்தரியாலோ அரத்தாலோ வெட்டிய காசில் எழுத்து தெளிவாக வந்து, திடீரென்று அறுபடும்.

1793 முதல் 1795 வரையிலான சென்ட் காசுகளில் பெரும்பாலானவற்றின் பக்கவிளிம்பில், டாலருக்கு நூறு என்று பொருள்படும் எழுத்துகள் உண்டு. அவை அச்சிடுவதற்கு முன்பே, வில்லையை இரு பட்டைகளுக்கிடையே உருட்டிப் பதிக்கப்பட்டவை. பிறந்தபோதே குறையுள்ள வில்லையின் குழிந்த பகுதி பட்டையில் படாது. ஆகவே அங்கே எழுத்து பதிந்திருக்காது. பக்கவிளிம்பைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அரை சென்ட் காசுகளின் கதை இன்னும் விந்தையானது. செம்பு போதாமல் திண்டாடிய நாணயச்சாலை, நியூயார்க்கில் இந்திய வணிகம் செய்த டால்பட், ஆலம் அண்டு லீ நிறுவனத்தின் செப்பு டோக்கன்களை வாங்கியது. அவற்றின் நடுப்பகுதியை வெட்டி அரை சென்ட் வில்லைகளாக்கியது. 1795, 1797 ஆண்டுகளின் சில அரை சென்ட்களில் பழைய டோக்கனின் கப்பலோ எழுத்தோ இன்றும் மங்கலாகத் தெரியும். பழுதான சென்ட் காசுகளும் இப்படி வெட்டப்பட்டன. விவரம் அறியாதவர் கண்ணுக்கு இவை போலியாகத்தான் படும். வரலாற்று மாணவருக்கோ, ஒரு புதிய நாட்டின் செம்புத் தட்டுப்பாட்டைக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்த சான்று இது.

அடுத்தது எடை. 1795 இறுதிவரை சென்டின் சட்ட எடை 208 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13.48 கிராம். பிறகு 168 கிரெயினாக, 10.89 கிராமாகக் குறைத்தனர். ஓரம் குறைந்த காசின் எடையும் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும். எடையைவிட அடர்த்தி நம்பகமானது. காற்றில் 10.6 கிராம் உள்ள காசு நீரில் மூழ்கும்போது 1.2 கிராம் குறைந்தால் அடர்த்தி 8.8. செம்பின் அடர்த்தி 8.96 என்பதால் இது பொருந்தும். பத்தைத் தாண்டினால் உள்ளே ஈயம் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மின்பூச்சு முறையில் இரு மெல்லிய செப்பு ஓடுகளைச் செய்து, ஈயம் நிரப்பி ஒட்டிய நகல்கள் உண்டு. அவற்றின் பக்கவிளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும்.

இறுதியான சோதனை அச்சு ஒப்பீடு. அக்கால அச்சுகள் கையால் உருவாக்கப்பட்டவை என்பதால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. 1793 முதல் 1814 வரையிலான சென்ட் காசுகளின் அச்சு இணைகளை வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட நூலில் எண்ணிட்டு வகைப்படுத்தினார். ஓர் எடுத்துக்காட்டு: 1804ஆம் ஆண்டு சென்டுக்கு ஒரே ஓர் இணைதான். 1801இன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1804 ஆக்கியவர்கள் பலர். ஆனால் மற்ற எழுத்துகளின் இடைவெளியை அவர்களால் மாற்ற இயலவில்லை.

இன்றைய போலிகள் இதையும் தாண்டிவிட்டன. அசல் காசு ஒன்றிலிருந்தே அச்சைப் படியெடுப்பதால் எழுத்து இடைவெளி சரியாகவே இருக்கும். ஆனால் அந்த அசல் காசு புழக்கத்தில் பட்ட கீறலும் பள்ளமும் சேர்ந்தே படியும். ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள இரு காசுகள் கிடைத்தால், அவற்றில் ஒன்றாவது போலி. சில சமயம் இரண்டுமே.