படம் இல்லாத நூறும் படம் இருந்த ஆறும்

1962 மார்ச் 2 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்னும் சிற்றூரில் நடைபெற்ற கூடைப்பந்து ஆட்டத்தில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார் என்பது பதிவு. என்.பி.ஏ. வரலாற்றில் வேறு எவரும் அதனை எட்டியதில்லை. ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை; அசையும் படம் எதுவும் கிடைக்கவில்லை. இந்த ஒன்றையே காட்டி, அந்த நூறு கட்டுக்கதை என்று வாதிடுவோர் இன்று பலர்.

ஐயம் கொள்வது ஆய்வின் முதற்படி. ஆயினும் படம் இல்லாமை வேறு, சான்று இல்லாமை வேறு.

எஞ்சியிருப்பவற்றைப் பார்க்கலாம். புள்ளிக் குறிப்பின்படி சேம்பர்லின் போட்ட கூடைகள் 36. மூன்று புள்ளிக் கூடை அன்று என்.பி.ஏ.வில் இல்லை, எனவே 72 புள்ளிகள். ஃப்ரீ த்ரோவில் 28. கூட்டினால் 100. நியூயார்க் நிக்ஸ் அணி 147க்கு 169 என்று தோற்றது.

இங்கு எழுப்பத்தக்க ஐயம் ஒன்று உண்டு. ஆட்டத்தின் கணக்கை எழுதிய ஹார்வி பொலாக் என்பவரே செய்தி நிறுவனங்களுக்கும் பிலடெல்பியா நாளிதழுக்கும் செய்தி அனுப்பினார். ஆகவே மறுநாள் செய்திகள் பலவாகத் தோன்றினும் அவற்றின் ஊற்று ஒன்றே. ஒரே மூல ஏட்டிலிருந்து எடுத்த படிகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணலாகாது என்பது சுவடிப் பதிப்பில் பழகியோர் அறிந்ததே.

அவரைச் சாராத சான்று வானொலி வர்ணனை. பில் காம்ப்பெல் வர்ணித்த நான்காம் கால்பகுதி ஒலிப்பதிவாக எஞ்சியுள்ளது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016இல் அதனைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. மூன்றாம் கால்பகுதி முடிவில் 69 ஆக இருந்த எண்ணிக்கை அதில் நூறாக உயர்கிறது. இன்னொன்று எதிரணியின் சொல். தோற்றவர்களுக்கே மறுப்பதற்கான காரணம் மிகுதி. அவர்களோ, சேம்பர்லினுக்கே பந்தைத் தொடர்ந்து கொடுத்து நூறை எட்டவைத்த விதத்தைக் குறை கூறினர், எண்ணிக்கையை மறுக்கவில்லை. சாதனையின் பெருமை இதனால் குறையலாம், கணக்கு குறையவில்லை.

மாறாக, படக்கருவிகள் இருந்த ஓர் ஆட்டத்தை நோக்கலாம். 1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. லெனி ரீஃபென்ஷ்டாலின் ‘ஒலிம்பியா’ படத்தில் ஹாக்கிக் காட்சிகள் உள்ளன. ஆயினும் தியான் சந்த் அடித்த கோல்கள் எத்தனை? ஆட்டப் பதிவுகளில் 3. மக்களிடையே வழங்கும் வரலாற்றில் 6. எட்டு என்னும் மொத்தத்தில் ஐயமில்லை. அந்த எட்டை வீரர்களுக்குப் பகிர்வதில்தான் மாறுபாடு. கூடைப்பந்தில் ஒவ்வொரு கூடையும் விழுந்த கணமே வீரர் பெயருக்கு எழுதப்படுகிறது. அத்தகைய உடனடிக் குறிப்பு உறுதியாக இல்லாத இடத்தில், பின்வருவோர் புகழ்பெற்ற பெயருக்கே கோல்களைச் சேர்க்கின்றனர். சில துண்டுக் காட்சிகளால் அதனைத் தடுக்க இயலவில்லை.

புகழ் எண்ணைப் பெருக்குவது தமிழுக்குப் புதிதன்று. போரில் ஆயிரம் யானைகளை வென்றவன் மீது பரணி பாடலாம் என்பது ஒரு பாட்டியல் மரபு. எழுநூறு போதும் என்பது மற்றொன்று. அங்கு எண் என்பது பாடப்பெறுவதற்கான தகுதி. களத்தில் எண்ணிய கணக்கன்று. பரணியின் ஆயிரத்தைப் போர்க்கணக்காகக் கொள்வதும், குறிப்பேட்டின் நூறைப் பரணியாகக் கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஆகவே ஓர் எண்ணிடம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எப்போது எழுதப்பட்டது? எழுதியவரைச் சாராத சாட்சி உண்டா? மறுப்பதால் பயன்பெறுவோர் மறுத்தனரா? படம் உண்டா என்பது இவற்றுக்குப் பின்னரே வரும். அதனை முதல் வினாவாக்கினால், படக்கருவிக்கு முற்பட்ட கல்வெட்டு, செப்பேடு, ஓலை அனைத்தையும் ஒருசேரக் கைவிட நேரும். கணினியே இல்லாத காட்சியைப் படைத்துத் தரும் இக்காலத்தில், படத்தையும் இதே வினாக்களால் சோதித்தாக வேண்டும்.