கடைசியில் வரும் முறுகல்

தடித்த மாட்டிறைச்சி ஸ்டேக்கை முதலில் மிதமான ஓவனிலோ, மூடிய கிரில்லில் கரி இல்லாத ஓரத்திலோ வைத்து, உள்ளே பதமாகும்வரை மெல்லச் சூடேற்றி, பிறகு நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் இருபுறமும் சிவக்க வாட்டும் முறையை அமெரிக்கர்கள் ‘ரிவர்ஸ் சியர்’ என்கிறார்கள். 2007இல் ‘குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ சமையல் இதழில் கென்ஜி லோபஸ்-ஆல்ட் உருவாக்கிய செய்முறை அதை வீட்டுச் சமையலறைகளுக்குக் கொண்டுபோனது. பார்பிக்யூக்காரர்கள் சிலர் அதற்கு முன்பே அப்படிச் செய்துவந்தார்கள். இதை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று சொல்வது வழக்கம். ஆனால் திறந்த நெருப்பின் முன் இறைச்சி சுட்டவர்களின் பழைய வரிசைதான் இங்கே திரும்பியிருக்கிறது. நடுவில் அதைக் கலைத்தது சமையல்காரர்கள் அல்ல, ஒரு வேதியியலாளர்.

1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் ஆங்கிலச் சமையல் நூல், மாட்டிறைச்சியின் மேல்புறத்தைக் காகிதத்தால் மூடி, உருகிய கொழுப்பை விடாமல் ஊற்றி, நெருப்பின் முன் சுடச் சொல்கிறது. வெந்துவரும் நேரத்தில்தான் காகிதத்தை எடுத்து, மாவு தூவி, மேற்புறத்தைப் பொங்கவிட வேண்டும். முதலில் உட்புறம், கடைசியில் மேற்புறம். ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1847இல் உணவு வேதியியல் பற்றி எழுதிய நூல் இந்த வரிசையைப் புரட்டிப்போட்டது. தொடக்கத்திலேயே கடும் சூடு பட்டால் வெளிப்புறப் புரதம் உறைந்து ஓடாகி, சாறு வெளியேறாமல் காக்கும் என்பது அவர் விளக்கம். இங்கிலாந்தில் சமையல் நூலாசிரியர் எலைசா ஆக்டனும், பின்னர் பிரான்சில் சமையல் கலைஞர் எஸ்கோஃபியேவும் அதை ஏற்றுக்கொண்டார்கள். கேட்டவுடன் மனதில் பதியும் விளக்கம்; பெரிய விஞ்ஞானியின் பெயர் வேறு. 1865இல் அந்தப் பெயரிலேயே இறைச்சிச் சாற்றை விற்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து, அதற்கு இருந்த மதிப்பை ஊகிக்கலாம்.

ஓடு சாற்றைக் காக்காது என்பதை 1930களிலேயே எளிய சோதனைகள் காட்டிவிட்டன. முதலில் வாட்டிய இறைச்சியும் எடை இழந்தது. வாட்டிய துண்டு சட்டியில் தொடர்ந்து சீறுவதே சாறு வெளியேறுவதற்குச் சாட்சி. உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 1984இல் இதை விரிவாக எழுதிய பிறகும் நம்பிக்கை எளிதில் போகவில்லை. மெதுவான சூட்டின் பலனும் புதிய செய்தியல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு, உருளைக்கிழங்கு உலர்த்த அமைத்த கருவியில் ஆட்டுத் தோள்கறியை வைத்தார். சில மணி நேரத்தில் வேகாததால் நம்பிக்கை இழந்து இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட, காலையில் அது நன்றாக வெந்து, மணத்தோடு இருந்தது. அவர் நிறுவக் காரணமாக இருந்த லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், 1969இல் இயற்பியலாளர் நிக்கலஸ் குர்டி அதே சோதனையைப் பார்வையாளர் முன் செய்துகாட்டினார்.

பெரிய முழு இறைச்சித் துண்டுக்குச் செய்ததை ஸ்டேக்குக்கு முன்னோடி என்பது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஸ்டேக்கை அன்றும் தணல்மேல் இரும்புக் கம்பித் தட்டில் வைத்து வேகமாகத்தான் சுட்டார்கள். ஆனால் 4 செ.மீ. தடித்த துண்டு, வெப்பம் பரவும் விதத்தில், அப்படிப்பட்ட முழு இறைச்சியின் சிறிய வடிவத்துக்கு நெருக்கமானது. எடுத்த எடுப்பில் வாட்டினால் அதன் நடு பதமாவதற்குள் விளிம்பைச் சுற்றி சாம்பல் நிறத்தில் வறண்ட பட்டை விழும். ஈரம் முழுவதும் ஆவியாகும்வரை மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவப்பும் மணமும் தரும் மயார் வினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் விரைவுபெறும். 120 டிகிரி ஓவனில் மேற்பரப்பு உலர்ந்துவிட்ட துண்டுக்கு, பிறகு சட்டியில் ஓரிரு நிமிடம் போதும். சாறு மிச்சமாவதைவிட இந்த உலர்வும் சீரான வேக்காடும்தான் பெரிய ஆதாயம்.

அப்படியென்றால் பழைய வரிசை திரும்ப ஏன் இவ்வளவு தாமதம்? மெல்லச் சூடேறும் இறைச்சி வெளியே எந்த அடையாளமும் காட்டாது. வெளிறிய துண்டு உள்ளே 50 டிகிரியில் இருக்கிறதா 60இலா என்று கண்ணால் சொல்ல முடியாது. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி மலிவானது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் சமையல்காரர் கண் நம்பிய ஒன்று முறுகல் நிறம். லீபிக்கின் கொள்கை பொய்த்த பிறகும் அவர் வரிசை நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2 செ.மீ.க்கும் குறைந்த மெல்லிய துண்டுக்கு மட்டும் ரிவர்ஸ் சியர் பொருந்தாது. ஓவனில் அது உலர்வதற்குள் உள்ளேயும் வெந்துவிடும். அதற்குக் காய்ந்த சட்டியே இன்றும் சரி.